என் பல்பொடி மருந்தாம், உன் மாமனார் தைலம் அழகுப் பொருளாம்

சேகர்,

நீ ஃபோனில் கேட்டதற்கு ஃபோனிலேயே பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் இங்கே எடிசனில் ரிசீவரைக் காதில் வைத்தால், அங்கே சான்டா கிளாராவில் உன் குரலுக்குப் பின்னால் உன் மாமனாரின் குரல் கேட்கிறது. அவர் சிரிக்கிறார், யாருக்கோ காபி வேண்டுமா என்று கேட்கிறார், பாட்டில் பெட்டிகளை எங்கே அடுக்குவது என்று உன்னைக் கேட்கிறார். நீயும் என்னைப் பாதியில் நிறுத்திவிட்டு அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறாய். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. எழுதுகிறவன் முடிக்கும் வரை படிக்கிறவன் குறுக்கே பேச முடியாது. இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. ஹேமா படிக்கட்டும். சம்பந்தியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டும். அவர்கள் முன்னால் சொல்ல முடியாத எதையும் நான் எழுதப் போவதில்லை.

நீங்கள் கேட்டது இரண்டு. இந்த அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டு உங்களோடு வந்து இருக்கிறேனா என்று நீ கேட்டாய். தன் கூந்தல் தைலத்துக்குத் தமிழில் லேபிள் எழுதித் தருகிறேனா என்று, உன் கையிலிருந்து ஃபோனை வாங்கி உன் மாமனார் கேட்டார். "சம்பந்தி, எங்களுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா" என்றார். எவ்வளவு இனிமையாகக் கேட்கிறார் பார். அந்த மனிதர் ஒரே ஒரு முறை என்னிடம் முகம் சுளித்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

பதிலுக்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். தீபாவளிக்கு நான் அங்கே வந்துவிட்டுத் திரும்பியபோது, ஏர்போர்ட்டுக்குப் போகும் காரில் நீ என்னைப் பொறாமைக்காரன் என்றாய். ஃப்ரீவேயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். ஆமாம், பொறாமைதான். அந்த வயதில் அவர் தலையில் இருக்கும் முடியைப் பார்த்தால் யாருக்குத்தான் இருக்காது? அவர் தலையே ஒரு விளம்பரம். அதைத் தடுக்க இந்த நாட்டில் சட்டம் கிடையாது. ஆனால் என் பொறாமை முடியைப் பற்றியது இல்லை என்று உனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்காரும்போது நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாய். என் பக்கத்தில் உட்காரும்போது நாற்காலி எங்கே கிடக்கிறதோ அங்கேயே உட்காருகிறாய். இதை நான் பார்க்கக் கூடாது என்றால் என்னை அந்த வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கக் கூடாது. பொறாமைப்படுகிறவன் சொல்வதெல்லாம் பொய் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஷாம்பூக் கம்பெனியில் நீ லாபரேட்டரியை விட்டு லேபிள் பிரிவுக்கு மாறிய புதிதில், ஒரு சனிக்கிழமை நாம் விளையாடியது உனக்கு நினைவிருக்கும். அப்போது உனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இந்த வீட்டில் நாம் இருவர்தான். குளியலறை அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் கொட்டினாய். "அப்பா, மருந்தெல்லாம் இந்தப் பக்கம், காஸ்மெடிக் எல்லாம் அந்தப் பக்கம். பிரிச்சு வை, பார்ப்போம்" என்றாய். இதென்ன பெரிய வித்தை என்று நான் ஆஸ்பிரினை மட்டும் மருந்துப் பக்கம் வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அழகுப் பொருள் பக்கம் தள்ளினேன். நீ மேஜையைத் தட்டிச் சிரித்தாய். அக்குளில் அடிக்கும் ஸ்பிரே இரண்டை எடுத்துக் காட்டினாய். நாற்றத்தை மறைப்பது அழகுப் பொருள், வியர்வையையே குறைப்பது மருந்து. தலையைக் கழுவும் ஷாம்பூ அழகுப் பொருள். பொடுகைப் போக்கும் என்று எழுதிவிட்டால் அது மருந்தும்தான், அழகுப் பொருளும்தான். ஃப்ளோரைடு போட்டுச் சொத்தையைத் தடுக்கும் என்று சொல்கிற பற்பசையும் அப்படியே. வெயிலில் தோல் கருகாமல் காக்கும் களிம்பு மருந்து. கடைசியில் சோப்பை எடுத்து எந்தப் பக்கமும் வைக்காமல் நாற்காலியில் வைத்தாய். "இது ரெண்டுமே இல்லப்பா. வெறும் சோப்புன்னு சொல்லி வித்தா இந்தச் சட்டம் அதைத் தொடாது" என்றாய். சோப்புக்கு இருக்கும் பாக்கியம் எனக்கு ஏன் இல்லை என்று நான் கேட்டேன். நீ மறுபடியும் சிரித்தாய்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, விற்கிறவன் என்ன சொல்லி விற்கிறான் என்பதுதான் முக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அழகாக்கும், சுத்தமாக்கும், மணக்க வைக்கும் என்று சொன்னால் அது அழகுப் பொருள். கடைக்கு அனுப்பும் முன் அரசாங்கத்திடம் காட்ட வேண்டாம். சேர்க்கிற சாயத்துக்கு மட்டும் அனுமதி இருக்க வேண்டும், உள்ளே இருப்பதை வெளியே எழுத வேண்டும். நோயைத் தீர்க்கும், உடம்பு வேலை செய்யும் விதத்தை மாற்றும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது மருந்து. சொன்னவன் நிரூபிக்க வேண்டும். எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போயிற்று. நீ ஆபீஸ் போன பிறகு லைப்ரரிக்கு நடந்து போய், அந்தத் தடித்த விதிப் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டு ரயில்வே பார்சல் ஆபீசில் சேர்ந்தவன். படிக்கத் தெரிந்தவனுக்குக் காலேஜ் தேவையில்லை என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. மாலையில் நீ வந்ததும் படித்ததை உன்னிடம் கேட்பேன். நீ ஷூவைக் கூடக் கழற்றாமல் நின்று பதில் சொல்வாய். இந்த நாட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

அந்த விளையாட்டு நம் இருவருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் ஹேமா சாப்பாடு போட்டுக்கொண்டே, "எங்கப்பாவும் இந்த கேம் ஆடியிருக்காரு மாமா. சோப்பைக் கூடக் கரெக்டா நாற்காலியில வச்சாரு" என்றாள். பாவம், கள்ளமில்லாமல் சொன்னாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் சரியாக வைத்தார் என்பதற்காக இல்லை. நீ அவருக்காகவும் அலமாரியைக் கொட்டியிருக்கிறாய் என்பதற்காக.

பிறகு பல்பொடி விஷயம் வந்தது. நீ சிறுவனாக இருந்தபோது உனக்காக நான் விழுப்புரத்தில் அரைக்க ஆரம்பித்த அதே பொடி. கடுக்காய், கருவேலம்பட்டை, கிராம்பு, உப்பு, கொஞ்சம் படிகாரம். இங்கே வந்தும் அதை நான் விடவில்லை. ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர் ஒரு டப்பா வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டு, லேபிள் ஒட்டிக் கொடுத்தால் கடையில் வைக்கிறேன் என்றார். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் லேபிள் எழுதினேன். சேர்மானங்களை எடை வரிசைப்படி எழுதினேன். மேலே ஒரே ஒரு வரி: ஈறில் ரத்தம் வருவது நிற்கும். உன்னிடம் பெருமையாக நீட்டினேன். நீ சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாய். "இது மருந்துக் க்ளைம்ப்பா. இந்த ஒரு வரியை எடுத்துடு, மத்ததெல்லாம் பெர்ஃபெக்ட். பல்லு வெளுக்கும்னு போடு, வாய் மணக்கும்னு போடு." நான் எடுக்க மாட்டேன் என்றேன். பல் வெளுக்க நான் பொடி அரைக்கவில்லை. உண்மையாக நடந்ததை எழுதக் கூடாது என்றால் எனக்கு அந்தக் கடையே வேண்டாம். நீ பிடிவாதம் என்றாய். பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போனாய்.

அதே நீ, உன் மாமனாரின் தைலத்துக்கு என்ன பாடுபட்டாய்! அவர் பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கராஜில் எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தார். நீங்கள் சான்டா கிளாராவுக்குக் குடிபோகும் முன், நீ வாரக் கடைசியெல்லாம் இந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவருக்காக லேபிள் வரைந்தாய். கரிசலாங்கண்ணிக்கு லத்தீன் பெயர் என்ன என்று என்னைக் கேட்டாய். ஆபீஸ் வேலை போலிருக்கிறது என்று லைப்ரரிக்குப் போய்த் தேடி எடுத்துத் தந்தேன். கல்யாணமான மகன் தன்னைக் கேட்டுவிட்டான் என்று துள்ளிக் குதித்துப் போனேன், பைத்தியக்காரன். முடி வளரும் என்று எழுதியிருந்ததை அவர் நீ சொன்னதும் எடுத்துவிட்டாராம். மினுமினுப்பு தரும் என்று மாற்றிக்கொண்டாராம். "மாமா எவ்வளவு ரீசனபிள் பாருப்பா" என்று என்னிடமே வந்து சொன்னாய். தான் நம்பியதை ஒரே நிமிடத்தில் கைவிட்டவர் உனக்கு நியாயமான மனிதர். கைவிட மறுத்தவன் பிடிவாதக்காரன்.

தீபாவளி அன்று என்ன நடந்தது என்று நீ ஹேமாவிடம் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாய். நானும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி வீட்டில் சாப்பாடு முடிந்ததும் அவர் வந்தவர்களுக்கெல்லாம் புது பாட்டிலைக் கையில் கொடுத்தார். சிவகாசியில் அச்சடித்து வந்த லேபிள், பளபளவென்று இருந்தது. முன்பக்கம் நீ எழுதிய ஆங்கிலம், ஒரு குறை சொல்ல முடியாது. பாட்டிலைத் திருப்பினேன். பின்பக்கம் தமிழில், முடி உதிர்வது நிற்கும், இளநரை மாறும், தலைவலி தீரும், நல்ல தூக்கம் வரும் என்று போட்டிருந்தது. நான் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். வேண்டுமென்றேதான் வாசித்தேன். அதற்காக இன்றைக்கும் நான் வருந்தவில்லை. சம்பந்தி கொஞ்சமும் கலங்காமல், "அது பிரஸ்காரன் சேர்த்தது சம்பந்தி. பின்னாடி இடம் காலியா இருந்துதாம். அவன் எல்லா எண்ணெய்க்கும் இதைத்தான் போடுவானாம்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நீ என் பக்கத்தில் குனிந்து, "விடுப்பா. தமிழை யார் படிக்கப் போறாங்க" என்றாய்.

வாங்குகிறவன் படிப்பான் என்று சொன்னேன். அவனுக்காகத்தானே அது தமிழில் இருக்கிறது? லேபிளில் ஒரு வரி வேறு பாஷையில் இருந்தாலும், கட்டாயம் எழுத வேண்டியது எல்லாம் அந்தப் பாஷையிலும் இருக்க வேண்டும் என்ற விதியையும் சொன்னேன். உனக்கு அந்த விதி ஏற்கெனவே தெரியும் என்றாய். தெரிந்தும் விட்டிருக்கிறாய். ஆபீசில் ஒரு கமா தப்பினாலும் திருப்பி அனுப்புகிறவன், அவருடைய பாட்டிலில் நான்கு பொய்யைப் பார்த்தும் கண்ணை மூடிக்கொண்டாய். என்னுடைய ஒரு உண்மைக்கு மட்டும் உன் பையிலிருந்து சிவப்புப் பேனா வந்தது. அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னை அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டேன்.

"என் பொடியில உன் ஈறு ரத்தம் நின்னுதா இல்லையா? அதை இவங்ககிட்ட சொல்லு."

நீ சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "அப்பா, அது பால் பல்லு விழுந்து புதுப் பல்லு முளைக்கிற வயசு. எதைத் தேய்ச்சிருந்தாலும் நின்னிருக்கும்" என்றாய். பக்கத்தில் இருந்த ஒருவர், "அப்போ பொடி வேஸ்ட்டா அங்கிள்?" என்று என்னைக் கேட்டார். நான் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் சம்பந்தி வீட்டு ஆரஞ்சு மரத்துக்குக் கீழே நின்றுகொண்டேன். என்னைத் தேடிக்கொண்டு வந்தது நீ இல்லை. உன் மாமனார்தான் வந்தார். கையில் எனக்கு வெற்றிலை கொண்டுவந்தார். அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பால் பல் என்றாயே, அது தவறு. உன் முன்பற்கள் அதற்கு முன்பே முளைத்து முடிந்துவிட்டன. ரத்தம் வந்தது கடைவாய்ப் பக்கத்தில். காலையில் தலையணை உறையில் கறை இருக்கும். முறுக்கைத் தூக்கித் தூரப் போட்டாய். நீ துப்பியதை யாரும் பார்க்கக் கூடாது என்று காலால் மண்ணைத் தள்ளி மூடுவாய். உன் அம்மா அப்போது இருந்திருந்தால் முதலிலேயே கண்டுபிடித்திருப்பாள். எனக்குத் தெரிய நாளாயிற்று. டாக்டர் கொடுத்த தண்ணீர் மருந்தைக் கொப்பளிக்கச் சொன்னால் விழுங்கிவிடுவாய். நான் ரயில்வே நூலகத்தில் இருந்த வைத்தியப் புத்தகங்களைப் படித்து, ஒவ்வொரு கலவையையும் முதலில் என் வாயில் தேய்த்துப் பார்த்தேன். படிகாரம் அதிகமாகி என் வாய் வெந்துபோய், ஆபீசில் ஒரு வாரம் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாக வந்த பிறகுதான் உன்னிடம் கொண்டுவந்தேன். நீ தேய்க்க மாட்டாய் என்று என் ஆள்காட்டி விரலால் தினமும் நானே தேய்த்தேன். நீ கடிப்பாய். கடித்த விரலோடு போய் பார்சல் சீட்டு எழுதுவேன்.

ஒரு நாள் காலை நான் டியூட்டிக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது நீ பின்கட்டிலிருந்து கத்தினாய். என்னவோ என்று ஓடி வந்தேன். நீ குழாயடியில் குந்தியிருந்தாய். காலால் மூடாமல் கையால் காட்டினாய். "அப்பா, வெள்ளையா இருக்கு பாரு." அவ்வளவுதான் நீ சொன்னது. நான் லேபிளில் எழுதிய வரி அதுதான், வேறு ஒன்றும் இல்லை. நான் புத்தகத்திலிருந்து எடுத்ததும் இல்லை, சிவகாசிக்காரன் இடம் காலியாக இருக்கிறது என்று போட்டதும் இல்லை. அந்த வரியை அடித்தபோது நீ எதை அடிக்கிறாய் என்று உனக்குத் தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தமிழ் லேபிளை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவர் தமிழை எடுத்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் பாட்டிலில் தமிழைப் பார்த்தால் நம் ஜனங்கள் கையில் எடுப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆகவே முறைப்படி எழுதியிருக்கிறேன். சேர்மானங்கள் வரிசையாக இருக்கின்றன. எடை, முகவரி, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்ற எச்சரிக்கை எல்லாம் இருக்கின்றன. அந்த நான்கு பொய்யையும் எடுத்துவிட்டேன், அதை எடுக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. கூந்தலுக்கு மினுமினுப்பும் நறுமணமும் தரும் என்று மட்டும் இருக்கிறது. சம்பந்திக்கு அதில் வருத்தம் இருக்காது, அவர்தான் எதையும் எடுத்துவிடச் சம்மதிக்கிறவர் ஆயிற்றே. எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்று யாரும் இதில் கை வைக்க வேண்டாம். சிவகாசிக்கு அனுப்பும்போது, காலி இடம் காலியாகவே இருக்கட்டும் என்று தனியாக எழுதி அனுப்பு.

என் பல்பொடி லேபிளை நான் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். அது எந்தக் கடைக்கும் போக வேண்டாம். சட்டம் கேட்பது நியாயம் என்று எனக்குத் தெரியும். மருந்து என்று சொல்கிறவன் நிரூபிக்க வேண்டும், ஒரு பையனின் வாயை வைத்து நிரூபித்ததாகச் சொல்ல முடியாது. நான் அரசாங்கத்திடம் நிரூபிக்கப் போவதில்லை. அந்த ஆரஞ்சு மரத்து வீட்டில் சிரித்தவர்களிடமும் நிரூபிக்கப் போவதில்லை.

உன்னிடம் வந்து இருப்பதைப் பற்றி. உன் மாமனார் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு, தினமும் அவர் உன்னை "மாப்பிள்ளை" என்று கூப்பிடும்போது நீ எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டம். அதைத் தாங்கிக்கொள்ளும் நல்ல குணம் இனிமேல் எனக்கு வரப்போவதில்லை, எதிர்பார்க்காதே. ஆனால் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய். அவர் பக்கத்தில் இருக்கும்போதே செய், அவரும் கேட்கட்டும். பொடியால்தான் நின்றது என்று நீ சொல்ல வேண்டாம், அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்குக் குழாயடியில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாயா, இல்லையா? "கூப்பிட்டேன்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுகிறேன்.

பெட்டி கட்டியாகிவிட்டது. பொடி டப்பாவை மட்டும் கைப்பையில் மேலாக வைத்திருக்கிறேன், அந்த வரி வெளியே தெரிகிற மாதிரி.

அப்பா